முதல் பக்கத்து ஓட்டுநர்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

ஒரு வாரமாக உன் ஃபோனுக்கு அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. நேற்று உன் மனைவிதான் எடுத்தாள். "கடுதாசி போடுங்க அண்ணி, படிப்பாரு. ஃபோன்ல உங்க பேரைப் பார்த்தாலே எந்திரிச்சு மாடிக்குப் போயிடறாரு" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அவள் பாதி சொன்னாள், பாதியை விழுங்கினாள். டிப்போ மேலாளர் உன்னைக் கூப்பிட்டு என் ஆய்வுத் திட்டத்தைக் காட்டினார் என்பது வரை புரிந்தது. அதற்கு மேல் என்ன ஆனது என்று நீதான் சொல்ல வேண்டும்.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். பதினான்கு வருடம் மனநல வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு முப்பத்தெட்டு வயதில் மறுபடி மாணவியாகி உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவமனை கொடுத்தது இரண்டு வருடப் படிப்பு விடுப்பு. அதில் ஏழு மாதம் ஓடிவிட்டது. இன்னும் திட்டத்துக்கே ஒப்புதல் கிடைக்கவில்லை. முதல் தலைப்பை "இதை எல்லாரும் பண்ணிட்டாங்கம்மா" என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் தள்ளினார். இரண்டாவதை "இதை யாருமே பண்ணலையே" என்று தள்ளினார். மூன்றாவதுதான் இது: விபத்துக்குப் பிறகு ஓட்டுவதை விட்டுவிட்ட பேருந்து ஓட்டுநர்களுக்கு அறிதல் நடத்தை சிகிச்சை. மனசு நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற ஒரு வாக்கியத்தைப் பிடித்துத் தாளில் எழுதி, அது உண்மைதானா என்று சின்னச் சின்னச் சோதனை செய்து பார்ப்பது. எதைக் கண்டு ஒதுங்குகிறோமோ அதன் பக்கத்தில் படிப்படியாகப் போவது. இருபது பேருக்குச் சிகிச்சை, இருபது பேர் காத்திருப்பார்கள், இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவோம். அவருக்குப் பிடித்திருந்தது. "ஆனா முதல் பக்கத்துல ஒரு ஆளைக் காட்டும்மா. வெறும் எண்ணிக்கையா வெச்சா குழு கொட்டாவி விடும்" என்றார். காட்டினேன்.

உன் பெயர் அதில் இல்லை. ஊர் இல்லை. வழித்தட எண் இல்லை. "முப்பத்து நான்கு வயது, ஒன்பது வருட அனுபவம், மழைநாள், மரக்கடை முனையில் திருப்பம், சைக்கிளில் வந்தவரின் காலில் பின்சக்கரம் ஏறியது, ஓட்டுநர் மேல் தவறில்லை என்று விசாரணையில் முடிவானது, மீண்டும் விபத்து நேருமோ என்ற அச்சத்தால் மூன்றாம் நாளிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, முதுகுவலி என்று சொல்லிக் கிடங்கு வேலைக்கு மாறிக்கொண்டார்." அவ்வளவுதான். இப்படி நூறு பேர் இருப்பார்கள். உங்கள் டிப்போவில் ஆட்களைச் சந்திக்க அனுமதி கேட்டு ஒரு பிரதி அனுப்பினேன். தெரிந்த இடமாயிற்றே என்றுதான்.

கோபமென்றால் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

திட்டி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நூறு பேர் இருப்பார்களாம். எங்கள் டிப்போவில் மரக்கடை முனையில் மழைநாளில் சைக்கிள்காரர் மேல் வண்டி ஏற்றியவன் எத்தனை பேர்? படித்தவள்தானே, எண்ணிச் சொல்.

மேலாளர் அறையில் என்னை உட்காரச் சொல்லவில்லை. உன் தாள் மேஜைமேல் கிடந்தது. ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இது யாருன்னு தெரியுதா?"

"தெரியல சார்."

"முதுகுவலின்னு சொல்லிக் கிடங்குக்கு மாறிக்கிட்டாருன்னு போட்டிருக்கு. உனக்கு முதுகு எப்படி இருக்கு?"

"வலிக்குது சார்."

"உங்க அக்கா நர்ஸ்தானே? கையெழுத்து நல்லா இருக்கு."

மத்தியானத்துக்குள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது என் பெயரே "முதல் பக்கம்." "முதல் பக்கம், அந்த பிரேக் லைனிங் பெட்டியை எறக்கு." "முதல் பக்கம், டீ சொல்லவா?" ஒன்பது வருடம் வண்டி ஓட்டி நான் சம்பாதித்த பெயர் வேறு.

மேலாளர் மருத்துவக் குழுவுக்கு எழுதிவிட்டார். ஏப்ரல் 22ஆம் தேதி போக வேண்டும். முதுகைப் படம் எடுப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய் மருத்துவச் சீட்டு கொடுத்தான் என்று எழுதினால் கிடங்கும் போய்விடும்.

உன் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் உன்னிடம் அதைச் சொன்னேன். நீ பாத்திரம் கழுவினாய், நான் துடைத்து அடுக்கினேன். அக்காவிடம் சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாணவி நிற்கிறாள் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? "இதை எழுதிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வார்டில் ஊசி போடுவதற்கு முன்னால்கூடக் கேட்பீர்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் செய்தது தப்பு. "ஆனால்" என்று தொடங்கும் நான்கு வரி எழுதினேன், அடித்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மாட்டேன் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பக்கத்தைக் கிழித்தாயிற்று. உங்கள் மேலாளருக்கு, அந்தப் பகுதியைப் பொருட்படுத்த வேண்டாம், அது பலருடைய விவரங்களைச் சேர்த்து எழுதியது என்று ஒரு கடிதம் போட்டேன். அதுவும் பொய்தான். உனக்காகச் சொன்ன பொய்யா எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. பதிலே வரவில்லை.

இங்கேயும் எனக்கு நல்லபடியாக ஒன்றும் நடக்கவில்லை. நெறிமுறைக் குழு பதினோரு ஆட்சேபணை போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. காத்திருக்கும் இருபது பேரில் யாருக்காவது நிலைமை மோசமானால் யார் பொறுப்பு? நாற்பது என்று எதை வைத்துக் கணக்கிட்டாய்? ஓட்டுநர் சிகிச்சை நடக்கும்போதே வண்டி ஓட்டினால் பயணிகளுக்கு யார் பதில் சொல்வது? எட்டாவது ஆட்சேபணை, பக்க எண் வலப்பக்கம் இருக்க வேண்டுமாம். பேராசிரியரிடம் கொண்டுபோனால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நர்ஸா இருக்கறவங்களுக்கு ஆளைத் தெரியும், ஆய்வு தெரியாது" என்கிறார். சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன், அடிப்பாயானால் அடி. எட்டு மாதமாக நீ டிப்போவுக்கு நடந்தே போகிறாய் என்று உன் மனைவி சொன்னாள். போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து. பயணியாகக்கூட ஒரு பஸ்ஸில் ஏறவில்லை. நான் எழுதாமல் இருந்திருந்தால் இது சரியாகியிருக்குமா?

தாள் தீர்ந்துவிட்டது. குழு நிராகரித்த கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்க்காதே.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

திருப்பிப் பார்க்காதே என்று எழுதினால் உலகத்தில் எவன் பார்க்காமல் இருப்பான்?

ஏழாவது கேள்வி: "வாகனம் இயக்குவதை நினைக்கும்போது தங்களுக்கு அச்சம் ஏற்படுகிறதா? ஒருபோதுமில்லை, சில வேளைகளில், பெரும்பாலும், எப்போதும்." இதை எழுதியவர் எப்போதாவது ஒரு டிரைவரோடு பேசியிருக்கிறாரா? எவனும் "ஒருபோதுமில்லை" என்பதைத் தவிர வேறெதிலும் டிக் போடமாட்டான். அச்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் கையில் சாவி கொடுப்பார்களா? நாங்கள் பயம் என்றே சொல்வதில்லை. "கை வரல" என்போம். "வண்டி ஒத்துக்கல" என்போம். ஒருவன் முதுகு என்பான், ஒருவன் சர்க்கரை என்பான், ஒருவன் மச்சான் கடையைப் பார்த்துக்க ஆள் இல்லை என்பான்.

பன்னிரண்டாவது: "விபத்தை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா?" வழித்தடத்தில் இருக்கிற இடத்தை எப்படித் தவிர்ப்பது? பஸ்ஸை வயல் வழியாகவா விடுவது?

நடந்து போவதைப் பற்றிக் கேட்டாய். நடந்துதான் போகிறேன். பதில் அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. "முதல் பக்கம்" என்று சிரித்தவர்களில் மூன்று பேர் தனித்தனியாகக் கிடங்குக்கு வந்தார்கள். ஒருவனை நாங்கள் "கண்ணாடி" என்று கூப்பிடுவோம். வண்டி எடுப்பதற்கு முன்னால் பக்கக் கண்ணாடியை ஏழெட்டுத் தடவை துடைப்பான், கிளம்பி இரண்டு நிறுத்தம் போனதும் இறங்கி மறுபடி துடைப்பான். சுத்தக்காரன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். போல்ட் வாங்க வந்தவன் போல வந்தான். பெட்டியைக் கிளறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உங்கக்கா எப்ப வர்றாங்க?" என்றான்.

"எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்" என்று போய்விட்டான். போல்ட்டை வாங்காமலே போனான்.

மற்ற இரண்டு பேரும் ஏறக்குறைய இதேதான். எனக்கு எரிச்சலாக வந்தது. என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு நீ இவர்களுக்கு நல்லவளாகிவிட்டாய்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன். பயப்படாதே, உன் கடிதத்தைக் காட்டவில்லை. கேள்விகளை மட்டும் மாற்றி எழுதிக் காட்டினேன். "வண்டி எடுப்பதற்கு முன்னால் எதையாவது பலமுறை சரிபார்க்கிறீர்களா?" "கை வராத நாட்கள் உண்டா?" முதல் தடவையாக அவர் ஒன்றும் அடிக்கவில்லை. ஒரு மணி நேரம் எனக்கு இறக்கை முளைத்திருந்தது.

அதற்குள் உங்கள் மேலாளரின் பதில் வந்துவிட்டது. அனுமதி தருகிறாராம். ஒரே நிபந்தனை: பங்கேற்கும் ஓட்டுநர்களின் பெயர்ப் பட்டியலும் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் நிர்வாகத்துக்குத் தரவேண்டும். பயணிகளின் பாதுகாப்புக்காக.

நெறிமுறைக் குழு மே 2ஆம் தேதி கூடுகிறது. அதை விட்டால் அடுத்தது செப்டம்பரில். செப்டம்பரில் ஒப்புதல் வாங்கி, ஆள் சேர்த்து, பன்னிரண்டு வாரம் சிகிச்சை கொடுத்து, எழுதி முடிப்பதற்குள் என் விடுப்பு முடிந்துவிடும். வேறு இரண்டு டிப்போவில் கேட்டேன். ஒன்றில் பதிலே இல்லை, இன்னொன்றில் "எங்க டிரைவர்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பேராசிரியர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "கையெழுத்துப் போடும்மா. எல்லாரும் போடறதுதான். அதோட, ஒருத்தன் ஓட்டற நிலைமையில இல்லைன்னா நிர்வாகத்துக்குத் தெரியறது தப்பா? நாளைக்கு நீயே அந்த பஸ்ல போனா?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது, தம்பி. தப்பில்லையோ என்றும் தோன்றுகிறது. திங்கட்கிழமை வாக்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். இந்தத் தடவை உன்னிடம் முன்னாலேயே சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

போடாதே.

பயணிகளின் பாதுகாப்பு என்கிறார் உன் பேராசிரியர். கண்ணாடி இன்றைக்கும் வண்டி ஓட்டுகிறான். அவனுக்குக் கை வரவில்லை என்று அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பட்டியல் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தால் அவன் உன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டான். வெளியே சொல்லாமலே ஓட்டிக்கொண்டிருப்பான். அப்போது அந்தப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு? போய்க் கேள்.

இன்னொன்று. நீ முதல் பக்கத்தில் எழுதியது தப்பு. என்னைக் கேட்காததைச் சொல்லவில்லை. விஷயமே தப்பு. "மீண்டும் விபத்து நேருமோ என்ற அச்சத்தால்" என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்த அச்சம் கிடையாது. நான் உன்னிடம் சொன்னது பாதிதான்.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் போய், போலீஸ் அளந்து எழுதிக்கொண்டு போனபிறகு கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டார்கள். "மாத்து டிரைவர் வர முக்கால் மணி நேரம் ஆகும். வண்டிக்கு ஒண்ணும் இல்லல்ல? கடைசி ஸ்டாப் வரைக்கும் நீயே கொண்டுபோயிடு." சரி என்றேன். பதினோரு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். கதவைத் திறந்தேன், மூடினேன். ஒரு அம்மா இறங்கும்போது "லேட் பண்ணிட்டியேப்பா" என்றார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன். வண்டியை விட்டுவிட்டு டீ வாங்கிக் குடித்தேன். முழு டம்ளர். கை நடுங்கவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

மறுநாளும் ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பும்போதுதான் அது எனக்கு உறைத்தது. ஒருத்தர் காலை நசுக்கிவிட்டுப் பதினோரு நிறுத்தம் ஓட்டி டீ குடித்தவன் எப்படிப்பட்ட ஆள்? அவன் பின்னால் ஐம்பது பேரை எப்படி உட்காரவைப்பது? இறங்கிவிட்டேன்.

இதை உன் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

தம்பி


மே 26

தம்பிக்கு,

கையெழுத்துப் போடவில்லை.

மே 2ஆம் தேதி போயிற்று. பேராசிரியர் இரண்டு நாள் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள், "இனி உன் பாடு, செப்டம்பர் பாடு" என்றார். விடுப்பை நீட்டக் கேட்டேன். நீட்ட முடியாது, வேண்டுமானால் மீதி விடுப்பை அரைநாள் அரைநாளாக எடுத்துக்கொள், காலையில் வார்டுக்கு வா, மத்தியானம் படி என்கிறது மருத்துவமனை. அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் மருந்து வண்டியைத் தள்ளுகிறேன். மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து தூங்கி வழிகிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

உன் கடிதத்தைப் பற்றி. அதிர்ச்சியில் உடம்பு பழகிய வேலையை அதுபாட்டுக்குச் செய்துகொண்டே போகும், வார்டில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். நான் சொன்னால் உனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் படும். அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் என் திட்டம் மொத்தமும் தலைகீழாகிவிட்டது. நான் எல்லோரிடமும் இனி நடக்கப்போவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். விபத்து முடிந்து முதல் ஒரு மணி நேரம் என்ன செய்தீர்கள், அதை வைத்து உங்களைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று யாருமே கேட்பதில்லை. தேடிப் பார்த்துவிட்டேன், நான் பார்த்த எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை. அது தெரியாமல் சிகிச்சையைத் திட்டமிடுவது காற்றில் வீடு கட்டுகிற வேலை.

இப்போது ஒழுங்காகக் கேட்கிறேன். நீ சொன்னதை, ஆளே தெரியாதபடி, இந்தக் கேள்விக்கு ஆதாரமாகத் திட்டத்தில் எழுதலாமா? மாட்டேன் என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. நான் உனக்குச் சிகிச்சை தரக் கூடாது, அக்கா செய்கிற வேலை இல்லை அது. உங்கள் ஊரில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். நிதானமானவள். எண்ணைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். போனாயா என்று கேட்கமாட்டேன். அவளிடமும் கேட்கமாட்டேன்.

மருத்துவக் குழு என்ன சொன்னது? இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

மூன்று மாதம் பதில் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் பேனாவுக்கும் கை வரவில்லை.

மருத்துவக் குழுவில் மூன்று பேர். முதுகைப் படம் எடுக்க எழுதப் போனார்கள். "முதுகுல ஒண்ணும் இல்ல சார். எனக்கு ஓட்ட முடியல" என்றேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பொய்ச் சீட்டுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. ஆறு மாதம் கிடங்கிலேயே இருக்கலாம், பிறகு மறுபடி பார்ப்பார்கள். மேலாளருக்கு முகம் விழுந்துவிட்டது. கதவைத் தள்ளி உடைக்க வந்தவருக்கு அது திறந்தே கிடந்தால் எப்படி இருக்கும்?

உன் தோழியிடம் போனேன். கேட்கமாட்டேன் என்றாய், நானே சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் சண்டைதான். என் மனசு சொல்கிற வாக்கியத்தை எழுதச் சொன்னார். "நான் மனுஷனே இல்லை" என்று எழுதினேன். இதை எதை வைத்துச் சோதிக்கலாம் என்று கேட்டார். "என்னால முடியாது, நீங்களே வெச்சுக்கங்க" என்று தாளைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் வாரம் போகவில்லை. நான்காம் வாரம் நானே சொன்னேன், அந்த சைக்கிள்காரரைப் பார்க்க வேண்டும் என்று. என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எழுதுங்கள் என்றார். "கதவைத் திறக்கமாட்டார்" என்று எழுதினேன்.

கதவைத் திறந்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். ஒரு கால் சரியாக மடங்காது. இப்போது மேலே ஏறி வேலை பார்க்க முடியாமல், ஆபீஸில் உட்கார்ந்து புகார் ஃபோன் எடுக்கிறார். யாரென்று சொன்னேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டார், பாரு.

"நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தியா? உங்க ஆபீஸ்லேர்ந்து பேப்பர் வந்துச்சு. போலீஸ் வந்தாங்க. முன்னபின்ன தெரியாதவன்லாம் ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்தான். நீ எங்கய்யா போன?"

"வரணும்னு..."

"என்ன வரணும்னு? ஒரு வருஷமாவா செருப்பு தேடினே?"

அரை மணி நேரம் திட்டினார். பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா, ஒரு வருடமாக விசாரணை அதிகாரியிலிருந்து என் பெண்டாட்டி வரை, ஏன், நீயும்தான், "உன் மேல தப்பில்லை, தப்பில்லை" என்று சொல்லிச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். அவர்தான் முதல்முதலாக என் மேல் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். போய்ப் பார்க்காதது தப்பு. அது நிஜம். அதை வைத்துக்கொண்டு நான் ஏதாவது செய்ய முடியும்.

கால் கடுத்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எந்த ரூட்டு ஓட்டறே?" என்றார்.

"ஓட்டறதில்லைங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமே ஆபீஸ்ல உட்கார்ந்துட்டமா?" என்றார். சிரிக்கவில்லை. அடுத்த மாதமும் வரலாமா என்று கேட்டேன். "வந்தா வா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். பயணியாக, முன்கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. எங்கள் டிப்போ வண்டிதான். ஓட்டியவன் கண்ணாடி. என்னை உள் கண்ணாடியில் பார்த்தான். வேர்வையில் என் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மரக்கடை முனையில் கண்ணை மூடிக்கொண்டேன். அதை உன் தோழியிடம் சொல்லியாக வேண்டும், கண்ணை மூடினால் அது கணக்கில் சேராதாம்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. எழுதாதே. ஆளே தெரியாதபடிகூட வேண்டாம். கேள்வியை எடுத்துக்கொள், அது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நான் சொன்ன பதில் என்னிடமே இருக்கட்டும். உனக்கு இதனால் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

தம்பி


நவம்பர் 27

தம்பிக்கு,

உன் "முடியாது" வந்த அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் வார்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஒரே ஒரு வரி, அதை எழுதினால் போதும், திட்டம் நிற்கும். அதைத் தரமாட்டேன் என்கிறானே என்று இருந்தது. பிறகு, கேட்டது நான், பதில் சொன்னது நீ, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

திட்டத்தை வெட்டிச் சின்னதாக்கினேன். நாற்பது பேர் இல்லை, சிகிச்சையும் இல்லை. ஆறே பேர். வேறு ஊர், வேறு டிப்போ, ஓட்டுநர் சங்கத்தின் வழியாக வருகிறவர்கள். நிர்வாகத்துக்கு எந்தத் தாளும் போகாது. ஒவ்வொருவரோடும் ஒரு நீண்ட பேச்சு. இதிலிருந்து என்ன தெரிகிறதோ அதை வைத்து வேறு யாராவது சிகிச்சையைத் திட்டமிடட்டும். "இது ஆய்வா, அரட்டையா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: "முதன்மைக் கேள்வியை எதன் அடிப்படையில் வகுத்தீர்கள்?" ஆறு வாரம் தேடியும் எனக்கு நூலகத்தில் ஆதாரம் அகப்படவில்லை. காலியாக விட்டு அனுப்பினேன். செப்டம்பரில் அதைக் காட்டியே திருப்பிவிட்டார்கள். திருத்திய விண்ணப்பங்களுக்கென்று அக்டோபரில் ஒரு கூட்டம் வைத்தார்கள், அதற்கும் மறுபடி காலியாகவே அனுப்பினேன். இந்தத் தடவை நேரில் வரச் சொன்னார்கள். நீள மேஜை, ஒன்பது பேர். குழுத் தலைவர் நரைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்ட ஒரு அம்மா. பக்க எண்ணை வலப்பக்கம் போடச் சொன்னவர் அவர்தான்.

"ரெண்டாவது தடவையும் இது ஏன் காலி?"

"சொன்னவர் எழுத அனுமதி தரலைங்க."

"கேட்டீங்களா?"

"முதல்ல கேட்காம எழுதினேன். அப்புறம் கேட்டேன். முடியாதுன்னுட்டார்."

பக்கத்தில் இருந்த பேராசிரியர் நெளிந்தார். அந்த அம்மா என் விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு தடவை புரட்டினார். "இந்த முப்பது பக்கத்துல ஒழுங்கா நிரப்பினது இந்தக் கட்டம்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்று துள்ளிக் குதிக்காதே, கூடவே ஒன்பது நிபந்தனை. வார்டு வேலையோடு இதை முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். என்னோடு சேர்ந்தவர்களெல்லாம் அதற்குள் பட்டம் வாங்கிவிடுவார்கள்.

நேற்று முதல் ஆளைச் சந்தித்தேன். சங்க அலுவலகத்தில் ஒரு சின்ன அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஓரத்தில் பழைய பதாகைகளைச் சுருட்டிச் சாத்தியிருந்தார்கள். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். சம்மதத் தாளை அவர் இரண்டு தடவை படிக்கும்வரை காத்திருந்தேன். "இடையில் எழுந்து போகலாம், பிறகு வேண்டாம் என்றாலும் அழித்துவிடுவேன்" என்று சொன்னேன். தலையாட்டினார். முக்கால் மணி நேரம் எஞ்சினைப் பற்றிச் சொன்னார், பணி நேரத்தைப் பற்றிச் சொன்னார், புது வண்டிகளில் கியர் சரியில்லை என்று சொன்னார். விபத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. கடைசியாகத்தான் கேட்டேன்.

"அது முடிஞ்சதுக்கப்புறம், அந்த ஒரு மணி நேரம் என்னங்க பண்ணீங்க?"

அவர் எழுந்தார். சரி, போகிறார், அவ்வளவுதான் என்று நானும் தாளை மூடினேன். அவர் கதவுவரை போனார். வராந்தாவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை உனக்கு எழுதமாட்டேன்.

அக்கா